பிக் அண்ட் ரோல்: எதிரணி ஸ்விட்ச் செய்தால் பசங்க நின்றுவிடுகிறார்கள், எங்கிருந்து ஆரம்பிப்பது?

சிமென்ட்_கோர்ட்:
வணக்கம். ஒரு பள்ளியில் 17 வயதுக்கு உட்பட்ட பையன்களுக்குக் கூடைப்பந்து பயிற்சி கொடுக்கிறேன். வெளியில் சிமென்ட் தரை, மாலையில் ஒன்றரை மணி நேரம், அவ்வளவுதான் வசதி. பாயின்ட் கார்டு பந்தை நன்றாகக் கையாள்வான். சென்டர் ஆறடிக்குக் கொஞ்சம் குறைவு, ஆனால் கைக்கு வந்த பந்தை விடமாட்டான். இந்த இரண்டு பேரையும் வைத்து டாப்பில் (கூடைக்கு நேர் எதிரே, மேலே) பிக் அண்ட் ரோல் ஆடுகிறோம், அதாவது சென்டர் வந்து பாயின்ட் கார்டைக் காக்கிறவன் வழியில் ஸ்கிரீனாக (தடுப்பாக) நின்றுவிட்டு உடனே கூடைக்கு ஓடுவான். எதிரே ஆள் இல்லாமல் ஆடும்போது அழகாக வருகிறது. மேட்ச்சில் எதிரணி ஸ்விட்ச் செய்த (காக்கும் ஆளை மாற்றிக்கொண்ட) உடனே பாயின்ட் கார்டு நின்று பந்தை இரண்டு கையிலும் பிடித்துக்கொள்கிறான், மற்றவர்கள் வேடிக்கை பார்க்கிறார்கள், ஷாட் போட வேண்டிய 24 விநாடி முடிந்துவிடுகிறது. ஹார்ன்ஸ், ஃப்ளெக்ஸ், ஸ்பெயின் என்று நிறைய பிளே வீடியோக்கள் பார்த்து வைத்திருக்கிறேன். எங்களைப் போன்ற அணிக்கு இதில் எது சரிவரும்?

எல்போ_ஜம்பர்:
சார், பிளே தேடுவதைக் கொஞ்ச நாள் தள்ளி வையுங்கள். உங்கள் பையன்களுக்குப் பிளே தெரியாதது பிரச்சினை இல்லை, யாரைப் பார்க்க வேண்டும் என்று தெரியாததுதான் பிரச்சினை.

பிக் அண்ட் ரோலில் பந்து வைத்திருப்பவன் (ஹேண்ட்லர்) பார்க்க வேண்டிய ஆள் ஒருவன்தான், ஸ்கிரீன் வைக்கிறவனைக் காக்கும் டிஃபெண்டர். தன்னைக் காக்கிறவனைப் பார்க்கவே வேண்டாம், ஸ்கிரீன் ஒழுங்காக இருந்தால் அவன் பின்னால் மாட்டிக்கொண்டிருப்பான். அந்த இரண்டாவது டிஃபெண்டர் செய்யக்கூடியது நாலைந்து விஷயம்தான். பெயின்ட் (கூடைக்கு முன்னுள்ள கட்டம்) பக்கம் இறங்கி நின்று காத்திருப்பான், அது டிராப். முன்னால் பாய்ந்து ஹேண்ட்லரை வெளியே தள்ளிவிட்டுத் தன் ஆளிடம் திரும்புவான், அது ஹெட்ஜ். ஆள் மாற்றிக்கொள்வான், அது ஸ்விட்ச். இரண்டு பேருமாக ஹேண்ட்லரை அடைத்துப் பொறி போடுவார்கள், இதையும் டிராப் (trap) என்பார்கள், பெயர் குழப்பாமல் இருக்க அதை பிளிட்ஸ் என்று வைத்துக்கொள்வோம். பக்கவாட்டில் ஆடினால் நடுப்பக்கமே போக விடாமல் எல்லைக்கோட்டை நோக்கித் தள்ளுவார்கள், அது ஐஸ். ஒவ்வொன்றும் ஏதோ ஒன்றைக் காக்கும், ஏதோ ஒன்றை விட்டுக்கொடுக்கும். விட்டுக்கொடுப்பது எது என்று பார்த்து அதை எடுப்பதுதான் இந்த ஆட்டம். இதைக் கண்ணால் படிக்கத் தெரியாத பையனுக்கு எந்தப் பிளே கொடுத்தாலும் மனப்பாடம் செய்த பாட்டு மாதிரிதான், ஒரு வரி மாறினால் நின்றுவிடுவான்.

ஸ்கிரீனுக்கு வருவோம். உங்கள் சென்டர் நடந்து வந்து ஸ்கிரீன் வைக்கிறானா ஓடி வருகிறானா என்று முதலில் பாருங்கள். நடந்து வந்தால் அவனைக் காக்கிறவனும் கூடவே பேசிக்கொண்டு வந்து, ஸ்விட்ச் என்று கத்திச் சொல்லி, வசதியாகத் தயாராகிவிடுவான். அடியிலிருந்து விரட்டி ஓடி வந்து இரண்டு காலும் சேர ஊன்றி நின்றால் அவனைக் காக்கிறவன் ஓரடி பின்தங்கியிருப்பான். பாதி வேலை அங்கேயே முடிந்தது.

அடுத்தது கோணம். ஸ்கிரீனரின் முதுகு எந்தப் பக்கம் காட்டுகிறதோ அந்தப் பக்கம்தான் ஹேண்ட்லர் போக முடியும். முதுகு பக்கக்கோட்டைப் பார்த்தால் ஹேண்ட்லர் பக்கவாட்டில் ஓடி வீணாவான். முதுகு கூடைப் பக்கம் திரும்பியிருந்தால் நேராகக் கீழே இறங்கலாம். ஹேண்ட்லரும் ஸ்கிரீன் வந்த உடனே கிளம்பக் கூடாது. முதலில் எதிர்ப்பக்கம் ஒரு டிரிபிள் போட்டு (பந்தைத் தரையில் தட்டி) டிஃபெண்டரை நகர்த்தி, அப்புறம் ஸ்கிரீனரின் இடுப்பை உரசுகிற அளவுக்கு ஒட்டிப் போக வேண்டும். இருவருக்கும் நடுவில் ஓர் ஆள் நுழைகிற இடம் இருந்தால் அது ஸ்கிரீனே இல்லை.

மற்ற மூன்று பேர் எங்கே நிற்கிறார்கள் என்று நீங்கள் எழுதவே இல்லை. உங்கள் பதில் அங்கேதான் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

விசில்_ஊதுபவர்:
நடுவராக ஒன்று சொல்கிறேன், பள்ளி மேட்ச்களில் அதிகம் பார்க்கிற விஷயம். ஃபீபா (உலகக் கூடைப்பந்து அமைப்பு) விதிப்படி ஸ்கிரீன் வைப்பவர் தொடுதல் நடக்கும்போது அசையாமல், இரண்டு காலும் தரையில், தன் உருளைக்குள் இருக்க வேண்டும். உருளை என்றால் அவர் இயல்பாக நிற்கும்போது உடம்பு எடுத்துக்கொள்ளும் இடம். இடுப்பைத் தள்ளினாலும், முழங்கையை விரித்தாலும், காலை நீட்டினாலும் வெளியே வந்துவிட்டார் என்று அர்த்தம்.

தூரம் பற்றிப் பல பயிற்சியாளர்களே சொல்லிக்கொடுப்பதில்லை. நின்றுகொண்டிருக்கும் டிஃபெண்டர் பார்க்கிற பக்கத்தில் ஸ்கிரீன் வைத்தால் தொடாத அளவுக்கு எவ்வளவு நெருக்கமாகவும் நிற்கலாம். அவர் பார்க்காத பக்கத்திலிருந்து வைத்தால், அவர் ஒரு சாதாரண அடி எடுத்து வைக்க இடம் விட வேண்டும். டிஃபெண்டர் ஓடிக்கொண்டிருந்தால் அவர் நிற்கவோ திசை மாற்றவோ ஓரடியிலிருந்து இரண்டடி வரை இடம் வேண்டும். நான் சொல்வது காலடி, அளவுகோல் அடி இல்லை.

ஃபவுல் ஸ்கிரீனர் பெயரில்தான் எழுதப்படும். ஆனால் பெரும்பாலும் காரணம் ஹேண்ட்லரின் அவசரம். ஸ்கிரீனர் கால் ஊன்றும் முன் அவன் கிளம்பிவிட, டிஃபெண்டரை விடக் கூடாதே என்று ஸ்கிரீனர் பக்கவாட்டில் சாய்கிறான், நாங்கள் விசில் ஊதுகிறோம். பந்தும் போகும், ஐந்து ஃபவுலில் ஒன்றும் போகும். ஒரே சென்டரை நம்பியிருக்கும் அணிக்கு இது பெரிய விலை. ஸ்கிரீனர் கால் ஊன்றி நின்றதைக் கண்ணால் பார்த்த பிறகு கிளம்பு என்று ஹேண்ட்லரிடம் சொல்லுங்கள்.

சிமென்ட்_கோர்ட்:
ரெண்டு பேருக்கும் ரொம்ப நன்றி. மற்ற மூன்று பேரில் இருவர் விங்கில் (பக்கவாட்டில்), ஒருவன் கூடைக்குப் பக்கத்தில் பிளாக்கில் நிற்கிறான். மூன்று புள்ளி ஷாட் உறுதியாகப் போடுகிறவன் ஒருவன்தான். ஸ்விட்ச் பற்றி இன்னும் கொஞ்சம் விவரமாகச் சொல்ல முடியுமா? எங்கள் மாவட்டத்தில் எல்லா அணிகளும் கிட்டத்தட்ட ஒரே உயரம், அதனால் யோசிக்காமல் ஸ்விட்ச் செய்கிறார்கள்.

பழைய_பாயின்ட்_கார்டு:
நான் பெண்கள் அணிக்குப் பயிற்சி கொடுக்கிறேன், அங்கேயும் இதே கதைதான் சார். உயரம் ஒரே மாதிரி இருந்தால் ஸ்விட்ச்தான் அவர்களுக்குச் சுலபம். அதனால் அவர்கள் மாறுகிற அந்த ஒரு கணத்தைத் தாக்கச் சொல்லிக்கொடுக்கிறேன். மாறி முடித்த பிறகு ஆரம்பித்தால் காலம் கடந்துவிட்டது.

முதல் ஆயுதம் ஸ்லிப். ஸ்கிரீனர் ஸ்கிரீன் வைப்பது போல ஓடி வருவாள், தன்னைக் காக்கிறவள் ஹேண்ட்லரை நோக்கி ஒரு காலை முன்னால் வைத்த உடனே ஸ்கிரீன் வைக்காமலே கூடைக்கு ஓடிவிடுவாள். ஸ்விட்ச் செய்கிறவர்கள் சீக்கிரமே மாறப் பழகியிருப்பார்கள், அந்தச் சீக்கிரம்தான் நமக்கு லாபம். ஆட்டத்தின் ஆரம்பத்திலேயே ஒரு ஸ்லிப் கூடையில் விழுந்துவிட்டால் பிறகு அவர்கள் தயங்குவார்கள், தயங்கினால் சாதாரண ஸ்கிரீனே வேலை செய்யும்.

இரண்டாவது, மாறிவிட்டார்கள் என்று வையுங்கள். இப்போது உங்கள் சென்டரை அவர்களுடைய கார்டு காக்கிறான். எல்லாரும் டாப்பிலிருந்து உள்ளே பாஸ் போடப் பார்ப்பார்கள், அது வெட்டுப்படும், ஏனென்றால் மாறிய கார்டு முன்னால்தான் நிற்பான். பந்தை விங்குக்குத் தள்ளுங்கள். விங்கிலிருந்து பார்த்தால் அந்தக் கார்டு சென்டரின் முதுகுப் பக்கம் இருப்பான் அல்லது பக்கவாட்டில் மாட்டியிருப்பான், உள்ளே பாஸ் போட வழி கிடைக்கும். ஸ்கிரீன் பக்கம் விங்கில் ஒருவன் தயாராக நிற்பது இதற்காகத்தான். சென்டர் ரோல் செய்து சும்மா ஓடிப்போகாமல், மாறி வந்த ஆளை முதுகில் அடைத்து, கையை நீட்டி இலக்கு காட்ட வேண்டும்.

மூன்றாவது, உங்கள் பாயின்ட் கார்டு எதிரே அவர்களுடைய சென்டர். உடனே முட்டக் கூடாது. பின்னால் இரண்டு டிரிபிள் இழுத்து வந்து, அவனை வெளியே வரவைத்து, வேகம் பிடித்து இறங்க வேண்டும். நின்று பந்தைப் பிடித்துவிட்டால் அவன் கை நீளம் ஜெயித்துவிடும். டிரிபிளை உயிரோடு வைத்திரு என்பதை என் பிள்ளைகளிடம் தினமும் சொல்கிறேன், சலித்துப்போகும் அளவுக்கு.

பிளாக்கில் நிற்கும் பையனைத் தயவுசெய்து நகர்த்துங்கள். அவனைக் காக்கிறவன் கூடைக்கு அடியிலேயே நிற்கிறான், உங்கள் சென்டர் ரோல் செய்து எங்கே போவான்?

மலைக்கோட்டை_ஹூப்ஸ்:
இங்கே நான் கொஞ்சம் மாறுபடுகிறேன். நகர்த்தி எங்கே நிறுத்துவது? ஷாட் போடாத பையனைக் கார்னரில் நிறுத்தினால் அவனைக் காக்கிறவன் அவனை விட்டுவிட்டுப் பெயின்ட்டில்தான் நிற்பான். அமெரிக்காவின் என்பிஏ லீக்கில் 2001-02 சீசனிலிருந்து டிஃபென்ஸுக்கும் மூன்று விநாடி விதி இருக்கிறது, ஆளைக் காக்காமல் பெயின்ட்டில் குடியிருக்க முடியாது. ஃபீபாவில் அந்த விதி இல்லை, நாள் முழுக்க நிற்கலாம். அதனால் என்பிஏவில் பார்க்கிற நாலு பேர் வெளியே, நடுவில் காலி என்கிற ஆட்டத்தை அப்படியே நம் பள்ளி மைதானத்துக்கு எடுத்து வந்தால் ஏமாற்றம்தான்.

ஷாட் இல்லாமலும் பிக் அண்ட் ரோல் ஆடலாம் என்பதற்கு என்பிஏ அணியான யூட்டா ஜாஸ் சாட்சி. ஸ்டாக்டனும் மலோனும் 1985 முதல் 2003 வரை ஒன்றாக ஆடினார்கள், பயிற்சியாளர் ஜெர்ரி ஸ்லோன் பெரும்பகுதிக்கு. 1997, 1998 இரண்டு வருடமும் இறுதிப் போட்டி வரை போய் சிகாகோ புல்ஸிடம் தோற்றார்கள். இன்று போல மூன்று புள்ளி மழை பொழியாத காலம் அது. கோணம், நேரம், பாஸ், மலோன் சில அடி ரோல் செய்து நின்று போடும் நடுத்தூர ஜம்ப் ஷாட், இவைதான். ஸ்டாக்டனின் 15,806 அசிஸ்ட் (கூடையில் முடிந்த பாஸ்) இன்னும் யாரும் தொடாத கணக்கு.

எல்போ_ஜம்பர்:
ஜாஸ் உதாரணம் நல்ல உதாரணம், ஆனால் அவர்களுடைய ஷூட்டர் ஹோர்னசெக்கை விட்டுவிட்டீர்கள். அவர் 1994ல் வந்து சேர்ந்த பிறகுதான் அந்த இரண்டு இறுதிப் போட்டிகளும். அவர் ஒரு பக்கம் நின்றால் அவரை விட்டு யாரும் உதவிக்கு வர முடியாது, அந்தப் பக்கம்தான் ஸ்டாக்டனுக்குத் திறந்தது. சிமென்ட்_கோர்ட் சாருக்கும் ஷாட் போடுகிறவன் ஒருவன் இருக்கிறான் அல்லவா, அவனை ரோல் செய்கிறவனுக்கு உதவி எந்தப் பக்கத்திலிருந்து வருமோ அந்தக் கார்னரில் நிறுத்துங்கள். ரோலை டேக் செய்ய (ரோல் செய்கிறவனை இடையில் தடுக்க) வரவேண்டிய டிஃபெண்டர் உங்கள் நல்ல ஷூட்டரைக் காக்கிறவனாக இருக்கட்டும். வந்தால் கார்னர் ஷாட், வராவிட்டால் லே-அப். ஃபீபாவின் மூன்று புள்ளிக் கோடு கார்னரில் 6.60 மீட்டர்தான், மற்ற இடங்களில் 6.75.

ஷாட் இல்லாத பையனைப் பற்றி நீங்கள் சொன்னது சரி, கார்னரில் வீண். அவனை எண்ட் லைனை ஒட்டி, பெயின்ட்டுக்குச் சற்று வெளியே, கூடைக்குப் பின்பக்கமாகச் சாய்ந்த இடத்தில் நிறுத்தலாம். பிளாக்கில் நிற்பதற்கும் இதற்கும் ரெண்டடிதான் வித்தியாசம், ஆனால் அவனைக் காக்கிறவன் பந்தையும் அவனையும் ஒரே பார்வையில் பார்க்க முடியாது. ஹேண்ட்லர் உள்ளே இறங்கி இவனைக் காக்கிறவன் உதவிக்கு எழுந்தால் கீழே சின்ன பாஸ், இரண்டு புள்ளி.

மலைக்கோட்டை_ஹூப்ஸ்:
ஹோர்னசெக் விஷயத்தில் ஒப்புக்கொள்கிறேன். அந்த எண்ட் லைன் இடம் எனக்கும் பிடித்திருக்கிறது.

ரோல் செய்வது பற்றி இன்னொரு கேள்வி. நான் கற்றது, தொடுதல் நடந்த உடனே உள் காலை ஊன்றிப் பின்பக்கமாகச் சுழன்று, டிஃபெண்டரை முதுகில் அடைத்து, பந்தை விட்டுக் கண் எடுக்காமல் இறங்குவது. இப்போது சின்னப் பிள்ளைகளிடம் சுழலவே வேண்டாம், திரும்பி ஓடு என்கிறார்கள். எது சரி?

பழைய_பாயின்ட்_கார்டு:
டிஃபென்ஸைப் பொறுத்தது அண்ணா. ஸ்விட்ச் என்றால் சுழன்று அடைப்பது அவசியம், ஏனென்றால் அடைக்க ஒரு ஆள் முதுகில் இருக்கிறான். ஹெட்ஜ் அல்லது பிளிட்ஸ் என்றால் முதுகில் யாரும் இல்லை, இருவரும் பந்தோடு போய்விட்டார்கள். அப்போது சுழன்றுகொண்டிருந்தால் நேரம்தான் போகும், நேராகத் திரும்பி ஓட வேண்டும், பாதி வழியில் ஃப்ரீ த்ரோ கோட்டருகே நின்று பந்தை வாங்க வேண்டும். அதுதான் ஷார்ட் ரோல். கோல்டன் ஸ்டேட் அணியில் கர்ரியை இரண்டு பேர் அடைக்கும்போதெல்லாம் டிரேமண்ட் கிரீன் அங்கே பந்தை வாங்கி, முன்னால் மூன்று டிஃபெண்டர் தங்கள் பக்கம் நாலு பேர் என்று ஆடினாரே, அதே கணக்கு. உயரம் தேவையில்லை, நின்று நிதானமாகப் பார்க்கும் சென்டர் போதும்.

நான் சின்ன வயதுப் பிள்ளைகளுக்கு முதலில் ஓடத்தான் சொல்லிக்கொடுக்கிறேன், சுழல்வது பிறகு. சுழலக் கற்றவர்கள் எல்லா நேரமும் சுழல்கிறார்கள்.

கார்னர்_த்ரீ:
நான் கல்லூரி அணியில் ஆடுகிறேன். எங்களுக்கு எதிராகப் பாதி அணிகள் 2-3 ஜோன்தான் (ஆளை அல்ல, இடத்தைக் காப்பது; மேலே இருவர், கீழே மூவர்) போடுகின்றன. ஜோனுக்கு எதிராக பிக் அண்ட் ரோல் வேலை செய்யாது என்று எங்கள் சீனியர் சொல்கிறார், உண்மையா?

எல்போ_ஜம்பர்:
உண்மை இல்லை தம்பி, இடம்தான் மாறும். 2-3 ஜோனில் மேலே இருவர். நேர் நடுவில் ஸ்கிரீன் வைத்தால் இருவரும் பகிர்ந்துகொள்வார்கள். கொஞ்சம் பக்கவாட்டில், மேல் டிஃபெண்டர் ஒருவனின் வெளித்தோளில் ஸ்கிரீன் வை. ஹேண்ட்லர் அந்தப் பக்கம் சுற்றி வந்தால் அவனை நிறுத்தக் கீழ்வரிசைப் பக்கத்து ஆள்தான் மேலே ஏற வேண்டும், ஏறினால் கார்னர் காலி. ஏறாவிட்டால் ஹேண்ட்லருக்கே ஷாட். ஸ்கிரீனர் கூடை வரை ரோல் செய்ய வேண்டாம், அங்கே ஜோனின் நடு ஆள் நிற்கிறான். ஃப்ரீ த்ரோ கோட்டில் நின்றுவிடட்டும், ஜோனில் யாருடைய பொறுப்பும் இல்லாத இடம் அதுதான். அங்கிருந்து இரண்டு கார்னரும் கூடையும் தெரியும்.

கார்னர்_த்ரீ:
நன்றி அண்ணா, இதை முயற்சி செய்து பார்க்கிறோம். ஸ்பெயின் பிக் அண்ட் ரோல் பற்றியும் சொல்லுங்கள், எங்கள் கோச்சிடம் கேட்டால் இப்போது வேண்டாம் என்கிறார்.

எல்போ_ஜம்பர்:
உங்கள் கோச் சொல்வதில் காரணம் இருக்கிறது. அது டிராப் டிஃபென்ஸை உடைக்கிற ஆட்டம். சென்டரைக் காக்கிறவன் பெயின்ட்டில் இறங்கி நிற்கும்போது, ஸ்கிரீனர் ரோல் செய்யும் அதே நேரத்தில் மூன்றாவது ஆள் கூடைப் பக்கத்திலிருந்து வந்து அவன் முதுகில் ஒரு ஸ்கிரீன் வைத்துவிட்டு, மூன்று புள்ளிக் கோட்டுக்கு வெளியே ஓடிவிடுவான். ரோல் செய்கிறவனைக் காக்க ஆள் இல்லை, உதவிக்கு வந்தால் வெளியே ஓடியவன் காலி. ஸ்காரியோலோ பயிற்சியில் ஸ்பெயின் தேசிய அணி இதை நிறைய ஆடியதால்தான் அந்தப் பெயர். 2019 உலகக் கோப்பையை வென்றவர்கள் அவர்கள், ஆனால் அந்த அணியில் ரூபியோவும் கஸோலும் இருந்தார்கள். எதிரே இருக்கும் டிஃபெண்டர்களைப் படித்து அரை விநாடியில் மாற்றிக்கொள்கிறவர்கள். எதிரணி டிராப் ஆடாமல் ஸ்விட்ச் ஆடினால் இந்தப் பிளேயின் பாதி பலன் போய்விடும், அப்போது என்ன செய்வது என்று தெரியாத அணிக்கு மூன்று பேர் நடுவில் மோதிக்கொள்வதுதான் மிச்சம். இரண்டு பேர் ஆட்டம் நன்றாக வந்த பிறகு மூன்றாவது ஆளைச் சேருங்கள்.

மலைக்கோட்டை_ஹூப்ஸ்:
இதோடு என்பிஏவின் டென்வர் அணியையும் பாருங்கள். 2023 இறுதிப் போட்டியின் மூன்றாவது ஆட்டத்தில் மர்ரே 34 புள்ளி, யோகிச் 32 புள்ளி, இருவருக்கும் டிரிபிள் டபுள் (புள்ளி, ரீபவுண்ட், அசிஸ்ட் மூன்றிலும் பத்து அல்லது அதற்கு மேல்). ஒரே ஆட்டத்தில் ஒரே அணியின் இருவர் 30 புள்ளியோடு டிரிபிள் டபுள் எடுத்தது என்பிஏவில் அதுதான் முதல் முறை. அவர்கள் ஆடியதைக் கவனித்தால் புதிய பிளே எதுவும் இருக்காது. ஸ்கிரீன் வைப்பார், டிஃபெண்டர் அடியில் புகுந்தால் யோகிச் திரும்பி மறுபக்கம் இன்னொரு ஸ்கிரீன் வைப்பார், ஒட்டி வந்தால் கையில் பந்தைக் கொடுத்து வாங்குவார்கள். ஒரே இரண்டு பேர், ஒரே இடம், டிஃபெண்டர் மாறினால் இவர்களும் மாறுகிறார்கள். எனக்கு இந்த விளையாட்டில் இதைவிட அழகானது எதுவும் இல்லை.

சிமென்ட்_கோர்ட்:
படிக்கப் படிக்க உற்சாகமாக இருக்கிறது. கடைசியாக ஒன்று. ஒன்றரை மணி நேரத்தில் இதை எப்படிப் பயிற்சியாக வைப்பது? எதிரே ஆள் இல்லாமல் ஐந்து பேர் ஓடுவதை நிறுத்திவிடவா?

பழைய_பாயின்ட்_கார்டு:
முழுக்க நிறுத்த வேண்டாம், பத்து நிமிடத்துக்கு மேல் வேண்டாம். இடம் எது, யார் எங்கே என்று தெரிய அது போதும்.

நான் செய்வது இது. முதலில் இருவருக்கு இருவர், ஆனால் டிஃபெண்டர் ஸ்கிரீனில் ஏற்கெனவே மாட்டிக்கொண்ட நிலையிலிருந்து ஆரம்பம். ஹேண்ட்லர் அவனை முதுகுக்குப் பின்னாலேயே வைத்துக்கொண்டு, அவசரப்படாமல், இரண்டாவது டிஃபெண்டர் காலைப் பார்த்து முடிவெடுக்க வேண்டும். அவன் கால் ஹேண்ட்லர் பக்கம் வந்தால் தரையில் துள்ளும் சின்ன பாஸ், பின்னால் போனால் கூடைக்கு.

அப்புறம் மூவருக்கு மூவர், பாதி மைதானம், எட்டு விநாடிக்குள் ஷாட். மூன்றாவது ஆள் கார்னரில். நான் ஆடுகிறவர்களுக்குப் பின்னால் நின்று டிஃபென்ஸுக்கு மட்டும் விரலால் காட்டுவேன். ஒரு விரல் டிராப், இரண்டு ஹெட்ஜ், மூன்று ஸ்விட்ச், மூடிய கை பிளிட்ஸ். ஆடுகிறவர்களுக்கு எது வரப்போகிறது என்று தெரியாது. முதல் வாரம் தடுமாறுவார்கள், கத்தாதீர்கள், விடுங்கள். தவறான இடத்துக்குப் பாஸ் போனால் நிறுத்தி, அவன் என்ன செய்தான், நீ எதைப் பார்த்தாய் என்று மட்டும் கேளுங்கள். பதில் அவர்களே சொல்வார்கள். உங்கள் அணிக்கு ஸ்விட்ச்தான் தொல்லை என்பதால் மூன்று விரலை அதிகம் காட்டுங்கள்.

எல்லாப் பையன்களையும் இரண்டு வேலையும் செய்ய வையுங்கள். சென்டரும் பந்தோடு வரட்டும், கார்டும் ஸ்கிரீன் வைக்கட்டும். மேட்ச்சில் கார்டுக்குக் கார்டு ஸ்கிரீன் வைத்தால் ஸ்விட்ச் செய்கிற அணி பல நேரம் குழம்பும், அதில் ஸ்லிப் செய்தால் இன்னும் நல்லது.

விசில்_ஊதுபவர்:
அந்த மூவர் ஆட்டத்தில் பயிற்சியாளரே விசில் எடுத்து நகரும் ஸ்கிரீனுக்கு ஃபவுல் ஊதுங்கள், பந்தை எதிர்ப்பக்கம் கொடுத்துவிடுங்கள். பயிற்சியில் விட்டுவிட்டால் மேட்ச்சில் எங்கள் மேல் கோபப்படுவார்கள்.

சிமென்ட்_கோர்ட்:
திங்கள் மாலையிலிருந்து இருவருக்கு இருவர் ஆரம்பிக்கிறேன். பிளாக்கில் நிற்கும் பையனை எண்ட் லைன் பக்கம் நகர்த்திவிட்டு, ஷூட்டரை வலது கார்னரில் நிறுத்துகிறேன், எங்கள் பாயின்ட் கார்டு வலது கைக்காரன், இடது பக்கம் இறங்குவதற்கு இன்னும் பயப்படுகிறான். ஸ்கிரீனை அவனுக்கு எந்தப் பக்கம் வைக்கச் சொல்லட்டும்?

எல்போ_ஜம்பர்:
மேட்ச்சில் வலது பக்கம், பயிற்சியில் இடது பக்கம். ஷூட்டரை மட்டும் இடது கார்னருக்கு மாற்றிவிடுங்கள். வலது பக்கம் இறங்கும்போது ரோலை டேக் செய்ய வருகிறவன் எதிர்ப்பக்கமான இடது கார்னரிலிருந்துதான் வருவான்.